பழ மணக் கஞ்சா விதை கேட்பவர்களுக்கு: பெங்களூரு மாடித் தோட்டத்திலிருந்து சில பதில்கள்

அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், ராமமூர்த்தி நகர் என்று பெங்களூரு முழுக்கப் பரவிக் கிடக்கும் தமிழ்க் குடும்பங்களில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நாங்கள் விதை பரிமாறிக்கொள்கிறோம். கத்தரி, அவரை, புடலை என்று கேட்டவர்களுக்கு நடுவே, இப்போது சில இளைஞர்கள் வேறொன்றைக் கேட்கிறார்கள். மாம்பழம், திராட்சை, பெர்ரி மணம் வரும் இண்டிகா வகைக் கஞ்சா விதை எங்கே கிடைக்கும், அதை எப்படி வளர்ப்பது என்கிறார்கள். கேட்பவர்களை விரட்ட எனக்கு மனமில்லை. செடியின் மேல் ஆர்வம் கொண்டவர்கள் அவர்கள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். கஞ்சா வளர்ப்பதற்கான செய்முறை இதில் இருக்காது. அந்த மணத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வேறு வழி இருக்கிறது, அது விரிவாகவே இருக்கிறது.

அக்கா, பால்கனியில் ஒரே ஒரு செடி. யாருக்கும் விற்கப் போவதில்லை. வளர்க்கலாமா?

கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாச் செடி என்பதை ‘கஞ்சா பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்’ என்றுதான் வரையறுக்கிறது. இண்டிகாவா, சட்டைவாவா, பழ மணமா, பூண்டு மணமா என்ற பேதமெல்லாம் அதில் இல்லை. 8ஆம் பிரிவு வளர்ப்பைத் தடை செய்கிறது. 20ஆம் பிரிவு அதற்குப் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மருத்துவம், ஆராய்ச்சி, நார், விதை ஆகியவற்றுக்காக அரசு அனுமதி கொடுத்தால் மட்டுமே விலக்கு. பால்கனித் தொட்டிக்கு அந்த அனுமதி கிடைக்காது.

2024இல் இதே பெங்களூருவில் ஒரு தம்பதி பூந்தொட்டிகளுக்கு நடுவே கஞ்சாச் செடி வளர்த்தார்கள். தோட்டத்தின் படத்தை முகநூலில் போட்டார்கள். காவல்துறை வீட்டுக்கே வந்தது. நம் ஊர்களிலிருந்து வேலைக்காக வந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள்தான் என்னிடம் விதை கேட்கிறார்கள். வேலையில் சேரும்போது நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பு, பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும். எந்த மணத்துக்கும் அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் குற்றமே இல்லை என்கிறார்களே?

அது தவறான பேச்சு. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை ‘சிறு அளவு’, 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’ என்று 2001ஆம் ஆண்டு அறிவிக்கை சொல்கிறது. சிறு அளவு என்றால் தண்டனை குறையும், குற்றம் மறையாது. ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த அளவுக் கணக்கு வைத்திருப்பது, விற்பது, கொண்டுபோவது ஆகியவற்றுக்கானது. வளர்ப்பதற்குச் சட்டத்தில் அப்படிப் படிநிலை கிடையாது. ஒரு செடிக்கும் ஒரு ஏக்கருக்கும் ஒரே உட்பிரிவுதான். எவ்வளவு தண்டனை என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும், ஆனால் மேல்வரம்பு இரண்டுக்கும் பத்து ஆண்டுகள்தான்.

விதையும் இலையும் சட்டத்தின் வரையறையிலேயே இல்லையாமே? அப்படியானால் விதை வாங்குவது சரிதானே?

பூக்கும் நுனிகளோடு சேராத விதையையும் இலையையும் ‘கஞ்சா’ என்ற வரையறை விட்டுவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விதையை மண்ணில் போட்டு முளைக்கவைக்கும்போது அது கஞ்சாச் செடி ஆகிவிடுகிறது. வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கினால் இன்னொரு சட்டமும் வந்து சேரும். விதைப்பதற்கான எந்த விதையையும் இந்தியாவுக்குள் கொண்டுவர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். தக்காளி விதைக்கும் இதே விதிதான். ‘பரிசுப் பொருள்’ என்று எழுதி உறையில் வரும் விதைக்கு இரண்டுமே இருக்காது. அந்த உறையின் மேல் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும்.

தாய்லாந்திலும் ஜெர்மனியிலும் வீட்டிலேயே வளர்க்கிறார்களே?

வளர்க்கிறார்கள். கனடாவில் 2018 அக்டோபரில் சட்டம் மாறியது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயது வந்தவர் ஒருவர் மூன்று செடி வரை வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்து 2022இல் திறந்துவிட்ட கதவை 2025இல் பாதி மூடி, பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்றது. அந்தச் சட்டங்கள் அந்த மண்ணோடு நின்றுவிடும். பாங்காக்கிலிருந்து ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் நீரில் வளர்த்த) கஞ்சா கொண்டுவந்து கெம்பேகவுடா விமான நிலையத்தில் பிடிபட்டவர்களின் செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. அதில் நம் பக்கத்துப் பெயர்களையும் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இந்தியாவில் எங்குமே சட்டப்படி வளர்க்க முடியாதா?

முடியும், ஆனால் வேறு நோக்கத்துக்கு. உத்தராகண்ட் 2018இல் தொழில்துறைச் சணலுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. சாக்கு தைக்கும் சணல் அல்ல, நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் கஞ்சா வகை (ஹெம்ப்) அது. போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் மருந்துக்காக ஆராய்ச்சி செய்கிறது. கர்நாடகத்தில் வீட்டுத் தோட்டக்காரருக்கு எந்த உரிமமும் இல்லை.

பாங்கு மட்டும் எப்படி விற்கிறார்கள்?

பாங்கு இலையிலிருந்து செய்வது. இலை அந்த மத்தியச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்பதால், 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பாங்கு வழக்கில் ஜாமீன் கொடுத்தபோது இதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் பாங்கு மாநிலக் கலால் சட்டங்களின் கைக்குள் இருக்கிறது. வட மாநிலம் ஒன்றில் உரிமக் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக ஓசூர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகலாம் என்று எண்ணிவிட வேண்டாம். செடி வளர்ப்பதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை.

கடையில் விற்கும் சணல் விதை, சணல் எண்ணெய்?

கஞ்சாச் செடியின் விதையும், விதை எண்ணெயும், விதை மாவும் 2021 நவம்பர் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்குள் உணவாக அனுமதிக்கப்பட்டவை. சாப்பிடலாம். சாப்பிட்டால் போதை வராது. வறுத்தும் தோல் நீக்கியும் வருபவைதான் பெரும்பாலும். முளைக்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம், முதல் பதிலுக்கே திரும்ப வந்து நிற்பீர்கள்.

‘இண்டிகா மிகுந்த வகை’ என்றால் உண்மையில் என்ன?

விற்பவர்கள் சொல்வதைப் போல அது உறுதியான ஒரு குணம் அல்ல. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஐரோப்பியச் சணலுக்கு ‘சட்டைவா’ என்று பெயர் வைத்தார். 1785இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க், இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து ‘இண்டிகா’ என்று தனி இனமாக எழுதினார். அவர் பார்த்தது நம் நாட்டின் உயரமான, குறுகிய இலைச் செடி. இன்று சந்தையில் இண்டிகா என்று விற்பதோ இந்துகுஷ் மலைப் பக்கத்துக் குட்டையான, அகன்ற இலைச் செடியின் வழிவந்த கலப்புகளை. இரண்டும் ஒன்றல்ல.

பிறகு ஐம்பது ஆண்டுகளாகக் கலந்து கலந்து, ‘70 சதவீதம் இண்டிகா’ என்பது உறையின் மேல் எழுதும் விளம்பரமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரபணுவை ஆராய்ந்தவர்கள், பெயருக்கும் உள்ளே இருக்கும் வம்சத்துக்கும் பொருத்தம் குறைவு என்கிறார்கள். விதை உறையை நம்பி வகை தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணமே ஆட்டம் காணுகிறது.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. இண்டிகா தூங்கவைக்கும் என்றார்கள்.

முந்தைய பதிலைப் பாருங்கள். உறையில் உள்ள பெயர் உங்கள் மூளையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது. டி.எச்.சி. கூடிய பூ சிலருக்குப் படபடப்பையும் சந்தேக எண்ணங்களையும் கொண்டுவரும். இளம் வயதில் அடிக்கடி எடுத்துக்கொள்பவர்களுக்கும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். பழகியபின் நிறுத்தினால், முதலில் கெடுவதும் தூக்கம்தான்.

ஷிஃப்ட் வேலை, அறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதி, நள்ளிரவு வரை கைப்பேசி வெளிச்சம் என்று இந்த நகரத்தில் தூக்கம் கெடக் காரணங்கள் நிறைய. மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இதே ஊரில் இருக்கிறது. அங்கே போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கஞ்சா இலை சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகள் சட்டப்படி உண்டு. அவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டிய பட்டியலில் இருக்கின்றன.

சரி, அந்தப் பழ மணம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அந்த மணம் கஞ்சாவுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

செடிகள் டெர்பீன் என்னும் நறுமணச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. மிர்சீன் என்பது மாம்பழத்திலும் எலுமிச்சைப் புல்லிலும் பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸிலும் இருக்கிறது. ஹாப்ஸ் கஞ்சாவின் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தது. லிமோனீன் எலுமிச்சை, ஆரஞ்சு, நார்த்தைத் தோலில் நிறைந்திருக்கிறது. நகத்தால் கீறினால் தெறிக்கும் மணம் பெரிதும் அதுதான். லினலூல் திருநீற்றுப் பச்சிலையிலும் தனியாவிலும் உண்டு. மிளகுக்கும் கிராம்புக்கும் காரமான மணம் கொடுப்பதில் காரியோஃபிலீனுக்குப் பங்கு இருக்கிறது.

ஆனால் ‘வெப்பமண்டலப் பழம்’ என்று சொல்லும் அந்தக் கூர்மையான மணத்துக்கு டெர்பீன் மட்டும் காரணமல்ல என்று தெரியவந்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரையில், மிக நுண்ணிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களே அந்த வேறுபாட்டைத் தருகின்றன என்று காட்டினார்கள். பழ மணம் தரும் அந்தக் கந்தகச் சேர்மங்களின் குடும்பத்தை வேதியியலாளர்கள் அதற்கு முன்பே கொய்யாவிலும் பேஷன் ஃப்ரூட்டிலும் கண்டுபிடித்திருந்தார்கள். போதை தரும் டி.எச்.சி.க்கு மணமே கிடையாது. நீங்கள் தேடும் மணமும் நீங்கள் அஞ்ச வேண்டிய பொருளும் அந்தச் செடியில் ஒன்றாக இருக்கின்றனவே தவிர, ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல.

அப்படியானால் அந்த மணத்துக்கு எதை வளர்க்கலாம்?

பேஷன் ஃப்ரூட். கொடைக்கானல் பக்கத்தில் தாட்பூட் பழம் என்பார்கள், இலங்கைத் தமிழர்கள் கொடித்தோடை என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரு இதற்கென்றே அமைந்த ஊர். சென்னை வெயிலில் வாடும் ஊதா வகை இங்கே செழிக்கிறது.

சிறிய தொட்டிகளுக்கு: எலுமிச்சை மணத் துளசி, திருநீற்றுப் பச்சிலை, எலுமிச்சைப் புல். மூன்றும் கிரில் கம்பி ஓரத்தில் வந்துவிடும். திராட்சை மணம் வேண்டுமென்றால் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் ப்ளூ இருக்கிறது. அதன் மணத்துக்கு இணையே இல்லை என்பேன். அதை விதையில் போடாதீர்கள், குச்சி நட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

பேஷன் ஃப்ரூட்டில் எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

ஊதா வகை, மஞ்சள் வகை என்று இரண்டு. ஊதாப் பழம் சிறியது, இனிப்பும் மணமும் அதிகம், ஒரே கொடி தனக்குத் தானே காய்க்கும். மஞ்சள் பெரியது, சாறு நிறைய, புளிப்பு தூக்கல், வெயிலைத் தாங்கும். ஆனால் அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு ஒரு கொடி வேண்டும். இடம் குறைவான வீட்டுக்கு ஊதாவைத்தான் நான் சொல்வேன். இரண்டையும் கலந்து, குடகு மாவட்டம் செட்டள்ளியில் உள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையம் உருவாக்கிய ‘காவேரி’ என்ற கலப்பினமும் உண்டு. அதை நாற்றாக வாங்குங்கள். கலப்பினப் பழத்தின் விதையைப் போட்டால் பிள்ளைகள் பாட்டன் முப்பாட்டன் குணத்துக்குப் பிரிந்துபோகும்.

விதைக்கு எடுக்கும் பழத்தை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். தோல் லேசாகச் சுருங்கியிருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனதும் மணம் வர வேண்டும். கட்டிதட்டி, கோணலாக, தோல் மரம்போல் இறுகிய பழத்தை ஒதுக்கிவிடுங்கள், கொடியில் நச்சுயிரி நோய் இருக்கலாம்.

விதையிலிருந்து எப்படித் தொடங்குவது?

பழக்கூழை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, சிறிது தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். லேசாகப் புளித்ததும் வடிகட்டியில் தேய்த்துக் கழுவினால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்புப் பை கழன்றுவிடும். அந்தப் பை இருக்கும்வரை முளைப்பு தாமதமாகும். கழுவிய விதையை நிழலில் ஒரு நாள் உலர்த்திவிட்டு உடனே விதையுங்கள். புதிய விதை இரண்டு முதல் நான்கு வாரத்தில் எழும்பும். டப்பாவில் ஆண்டுக்கணக்கில் கிடந்த விதையை நம்பாதீர்கள்.

நாற்றுத் தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். பிப்ரவரி, மார்ச் அல்லது ஜூன் நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவுக் குளிரில் விதை சோம்பிக் கிடக்கும். எட்டுப் பத்து விதை போட்டு, அதில் தண்டு திடமாக, இலைகளுக்கிடையே இடைவெளி குறைவாக வருவதில் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கன்றுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். இந்தத் தேர்வில்தான் தோட்டக்காரரின் கண் வேலை செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுதான்.

ஒரு சாண் உயரம் வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். 60 லிட்டருக்குக் குறையாத டிரம் வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும், தேங்கும் நீரில் வேரழுகல் வந்தால் கொடியைக் காப்பாற்ற முடியாது. ஈர மண்ணோடு அந்த டிரம் நூறு கிலோவை நெருங்கும். மாடியின் நடுவில் வைக்காமல் தூண் அல்லது உத்திரத்தின் மேல் வரும்படி வையுங்கள், வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரே தண்டாகப் பந்தல் உயரம் வரை ஏற்றி, அங்கே நுனியைக் கிள்ளி, இருபுறமும் படரவிடுங்கள். பூ புதிய தளிரில்தான் வரும். அதனால் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் பழைய கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். விதையிலிருந்து முதல் பழத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். பூவிலிருந்து பழம் கனிய இரண்டு முதல் மூன்று மாதம். பழுத்தது தானே கீழே விழும், பறிக்க வேண்டாம். விழுந்ததை நான்கு நாள் கூடையில் வைத்துத் தோல் சுருங்கவிடுங்கள். அறை முழுக்க மணக்கும்.

பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை.

உங்கள் கொடி மஞ்சள் வகையாக இருக்கலாம், அல்லது தச்சுத்தேனீ வரவில்லை. அந்தப் பெரிய கருப்புத் தேனீயின் முதுகு மகரந்தத்தைத் தொடும் உயரத்தில் இருக்கும். சாதாரணத் தேனீ சிறியது, தேனைக் குடித்துவிட்டுப் பூவின் மேல்பகுதியைத் தொடாமலே போய்விடும். மாடியில் ஒரு காய்ந்த மரக்கட்டையையோ மூங்கிலையோ போட்டு வைத்தால் தச்சுத்தேனீ குடியேறும்.

கையாலும் செய்யலாம். ஊதாப் பூ விடியலில் திறந்து நண்பகலில் மூடும். மஞ்சள் பூ நண்பகலில் திறந்து இரவில் மூடும். திறந்து சற்று நேரமானதும் நடுவில் உள்ள மூன்று சூல்முடிகளும் கீழே வளையும். அப்போது சிறு தூரிகையால் மகரந்தத்தை எடுத்து அவற்றில் தடவுங்கள். மஞ்சளுக்கு வேறு கொடியின் பூவிலிருந்து எடுக்க வேண்டும்.

இலை மஞ்சளாகிறது.

புதிய தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர் காரணமாக இருக்கலாம். மண் காரத்தன்மை அடைந்து செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடிவதில்லை. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். பழைய இலை மஞ்சளானால் பெரும்பாலும் உரக்குறை.

புழு இலையை மொட்டையடித்துவிட்டது!

செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி ஒன்று இந்தக் கொடியைத் தேடி முட்டையிடும். கையால் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் விட்டும் வையுங்கள், பெரிய கொடி தாங்கும். இலையிலும் காயிலும் சயனைடு தரும் பொருள் இருக்கிறது என்பதால் குழந்தைகள் காயைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழுத்தபின் அந்தப் பயமில்லை.

ஒன்றரை ஆண்டு காத்திருக்க முடியாது. சீக்கிரம் ஏதாவது?

கேப் கூஸ்பெரி. நம் ஊர் வரப்பில் வரும் சொடக்குத் தக்காளியின் உறவு. காகிதக் கூடு போன்ற உறைக்குள் பொன்னிறப் பழம், அன்னாசியும் தக்காளியும் கலந்த மணம். விதைத்த நான்கைந்து மாதத்தில் பழம் கிடைக்கும், 15 லிட்டர் தொட்டி போதும். உறை காய்ந்து பழுப்பானபின் மட்டும் சாப்பிடுங்கள், பச்சைக் காய் ஆகாது.

எங்கள் வீட்டு புளிச்சக்கீரையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார்.

அவர் மேல் தவறில்லை, விரல் விரித்தாற்போன்ற இலை அப்படித்தான் தெரியும். பூவரசம்பூச் சாயலில் மஞ்சள் பூ வரும்போது அழைத்துக் காட்டுங்கள், அதுவரை ஒரு கிண்ணம் துவையல் அனுப்புங்கள். கஞ்சா இலையில் ஒவ்வொரு விரலும் காம்பு வரை முற்றிலும் பிரிந்து, விளிம்பு அரம்போல் இருக்கும்.

மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பையன்கள் அறையில் ஊதா விளக்கு எரிகிறது, ஒரு மாதிரி வாடை வருகிறது. என்ன செய்வது?

முதலில் கேளுங்கள். கீரை வளர்க்கவும் அந்த விளக்கு பயன்படும். ஆனால் கஞ்சாதான் என்று தெரிந்தபின் பேசாமல் இருக்கக் கூடாது. தன் இடத்தைத் தெரிந்தே இதற்கு விடுபவருக்கு 25ஆம் பிரிவில் தண்டனை உண்டு. தன் நிலத்தில் சட்டவிரோதமாக வளரும் கஞ்சாச் செடி பற்றித் தகவல் சொல்ல வேண்டியது நிலத்துக்காரரின் கடமை என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களே செடியைப் பிடுங்கி எறியவோ கையில் எடுக்கவோ வேண்டாம். காவல் நிலையத்துக்கோ, போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் 1933 எண்ணுக்கோ சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும், குடியிருப்போர் விவரம் காவல் நிலையத்தில் பதிவாகியிருப்பதும் உங்களைக் காக்கும்.

என் மகன் பழகிவிட்டான். போலீஸ் என்றாலே பயமாக இருக்கிறது.

அம்மா, சிகிச்சைக்குப் போவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் மேல் சிறு அளவுக்கோ உட்கொண்டதற்கோ வழக்கு இருந்தாலும், அவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து காப்பு தரும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிம்ஹான்ஸில் போதை மீட்புக்கென்றே தனி மையம் உண்டு. தேசிய உதவி எண் 14446. மகனைத் திட்டி அறையில் பூட்டாமல், அவனோடு நீங்களும் போங்கள்.

தாட்பூட் விதையும் நாற்றும் எங்கே கிடைக்கும்?

விதைக்குப் பழம் போதும். ஹாப்காம்ஸ் கடைகளிலும் ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் பருவத்தில் வரும். நாற்றுக்கு லால்பாக் அருகே உள்ள சித்தாபுர நர்சரிகளைக் கேளுங்கள். ஹேசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் விசாரிக்கலாம். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் லால்பாக் மலர்க் கண்காட்சியின்போது நாற்று விற்பவர்கள் நிறையப் பேர் கூடுவார்கள். வாங்கும்போது ஊதாவா மஞ்சளா என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். நாற்றாக இருக்கையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். மஞ்சள் வகையில் தளிரும் பற்றுக்கம்பியும் சற்றுச் சிவந்திருக்கும், ஊதாவில் பெரும்பாலும் பச்சையாக இருக்கும்.